இருபத்தெட்டு நாள்

வால்டிவியாவில் ஜூலை. ஆறாவது நாளாக மழை.
நான்காம் ஆண்டு சிவில், ஏழாவது குழு:
திட்ட மென்பொருளில் அவர்கள் பக்கம்
ஒரே ஓர் அட்டை தவிர முழுக்கப் பச்சை.
இவ்வளவு பச்சையை நான்
காட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

பழைய பதிவுகளைத் திறந்தேன்.
அதிகாலை மூன்று பன்னிரண்டு:
ரெனாத்தோ ஒரு பட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.
'கான்கிரீட் இறுகுதல்', இருபத்தெட்டு நாள்.
ஒன்பதாகச் சுருங்கியிருக்கிறது.
பின்னால் நின்ற வேலைகள் எல்லாம்
வங்கி வரிசையில் ஒருவர் விலகியதுபோல்
சத்தமில்லாமல் ஓரடி முன்னே வந்துவிட்டன.

மவுஸுக்கு அசைந்தது பட்டை.
சிமெண்டுக்கு யார் போய்ச் சொல்வது?

வியாழன், சோதனைக்கூடம்.
உருளையை இயந்திரத்தில் நிறுத்தினோம்.
இக்னாசியா எண்களை வாசித்தாள்.
பாதியில் நிறுத்தினாள்.
உடைந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை,
ஈர ரொட்டியைப் பிட்டதுபோல.
ரெனாத்தோ தரையைப் பார்த்தான்.
மற்றவர்கள் அவனைப் பார்க்காமலிருந்தார்கள்.
எனக்கு அது பிடித்திருந்தது.

இரவில் அந்த ஒற்றை அட்டையைத் திறந்தேன்.
மில்லாராய் எழுதியிருக்கிறாள்:
'இரண்டாம் கலவைக்கான மணல் நனைந்துவிட்டது.
காயும்வரை எடை தெரியாது.
காத்திருக்கிறேன்.'
காத்திருப்பதற்கென்று
மென்பொருளில் நிறம் எதுவும் இல்லை.
அவளாக மஞ்சளைத் தேர்ந்திருக்கிறாள்.

என் அட்டையும் ஒன்று உண்டு அங்கே:
'மதிப்பெண் வெளியீடு, வெள்ளிக்கிழமை.'
அலுவலகம் கேட்கும். கேட்கட்டும்.
பட்டையின் முனையைப் பிடித்து
வலப்பக்கமாக இழுத்தேன்,
பத்தொன்பது நாள்.