ஓவர்

இரவெல்லாம் பேசுகிறவள் நான்.
டர்பன் துறைமுகக் கோபுரத்தில்
ரேடியோப் பொத்தானை அழுத்தி:
பனாமாக் கொடிக் கப்பலே, வெளியிலேயே நில்,
தென்மேற்குக் காற்று முப்பத்தெட்டு நாட்ஸ்,
துறைமுக வாய் மூடியிருக்கிறது, ஓவர்.
முந்நூறு மீட்டர் இரும்பு
அப்படியே நிற்கும்.

மார்ச் மாதக் கூட்டத்தில் மூடியது என் வாய்.
கப்பல் கம்பெனிக்காரர்கள் முன்
குட் மார்னிங் வரை வந்த குரல்
திரும்பிப் போய்விட்டது.
மீதியை மேலாளர் படித்தார்.
தண்ணீர்க் கோப்பையில் விளக்கு நடுங்கியது.
விளக்கு எங்கே நடுங்கியது,
மேசையைப் பிடித்திருந்தது நான்.

ஜூலையில் மறுபடி.
பதினோரு மணி நேரம் ஏன் மூடினீர்கள்,
நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?
மூடியது என் ஷிஃப்டில். நான்தான் சொல்லவேண்டும்.

கண்ணாடி முன் பழகு என்றாள் நொம்ஃபுண்டோ.
பழகினேன். கண்ணாடிக்குள் இருந்தவள்
என்னைவிடப் பயந்தாள்.
அவளைத் தேற்றவே அரைமணி போயிற்று.

நாற்பது பேர்.
என் சட்டையில் தெலோஷ்னி படையாச்சி
தலைகீழாகத் தொங்குகிறாள், பெயரட்டையில்.
முகம்தான் சிக்கல்.
துறைமுகத்துக்கும் முகம் உண்டு,
அது என்னைப் பார்ப்பதில்லை.
ஒரு கப்பலும் கொட்டாவி விட்டு நான் கண்டதில்லை.

கை தானாகவே
மேசைக்கடியில் பொத்தானைத் தேடியது.
பேனா அகப்பட்டது. அழுத்தினேன்.
டிக்.

டர்பன் கட்டுப்பாட்டு அறை, என்றேன்.
யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.
நேரம் இரண்டு பத்து.
காற்று முப்பத்தெட்டு, ஏறுகிறது.
துறைவாயில் அலை ஐந்து மீட்டர்.
இழுவைப் படகுகள் இரண்டும் திரும்பிவிட்டன.
உள்ளே வா என்று நான் சொல்லியிருந்தால்
இன்று இங்கே பேச்சு
தாமதத்தைப் பற்றி இருந்திருக்காது.
ஓவர்.
டிக்.

பொத்தானை விட்டால்தான்
மறுமுனை பேசமுடியும்.
விட்டேன். காத்திருந்தேன்.
காத்திருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

பின்வரிசையில் ஒரு கிரேக்கக் கேப்டன் எழுந்தார்.
அந்தக் குரல் நீதானா?
அன்று வெளியே நின்றவன் நான்.
தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டினேன்.
மூச்சு வாங்கிவிட்டுச் சேர்த்தார்:
பொத்தானை அழுத்தாமல்.

அறை சிரித்தது. நானும்.
அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம்
கணக்குக் கேட்டார்கள், விடவில்லை.
சொன்னேன். ஒன்றைத் தப்பாகச் சொன்னேன், திருத்தினேன்.

முழங்கால் கடைசிவரை ஆடிக்கொண்டுதான் இருந்தது,
மேசைக்கடியில்,
எந்த அலைவரிசையிலும் இல்லாமல்.