மாதிரிக்கு எட்டு

ஒரு டிரேயில் ஐந்நூறு வால்வு வரும்.
எட்டை எடுத்து அளப்பேன்.
எட்டும் சரியென்றால் ஐந்நூறும் சரி.
கையெழுத்து: கி. நாகவேணி, தரக்கட்டுப்பாடு, ஓசூர்.
ஆறு வருஷமாக என் நியாயம் இவ்வளவுதான்.

அதனால்தானோ என்னவோ
வாக்குச் சீட்டு செல்போனில் திறந்தபோது
கட்டைவிரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

ஐந்து ஆட்டங்கள்.
காகிதமும் பகடையும் மேசைமேல் வைத்து
கதையை வாயாலேயே கட்டி ஆடுகிற ஆட்டங்கள்.
இந்த ஆண்டின் சிறந்தது எது,
ரசிகர்களே சொல்லுங்கள் என்கிறது.
நான் ஆடியது ஒன்று.
இரண்டுக்கு அட்டைப்படம் பார்த்திருக்கிறேன்.
ஒன்றின் பெயர் பிடிக்கும்.
இன்னொன்று இருப்பதே இப்போதுதான் தெரியும்.

ஆடிய ஒன்று ஷப்ரீனுடையது. 'தொப்பூர் இறக்கம்.'
இரவு, மழை, இருபது டன் கிரானைட்,
பிரேக் பிடிக்காத லாரி, கேபினில் நாலு பேர்.
வளைவுக்கு வளைவு பகடை உருட்டவேண்டும்,
உருட்டுமுன் யாராவது ஓர் உண்மையைச் சொல்லவேண்டும்.
பாகலூர் சாலை ஜெராக்ஸ் கடை மாடியில்
ஆறு மாதம் ஞாயிறுதோறும் ஆடினோம்.
மூன்றாம் பக்கத்து விதியில் ஓட்டை கண்டுபிடித்தது நான்.
கிளீனர் பையனாக ஏழு முறை செத்ததும் நான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"
என்கிறான் திம்மராயன்.
சித்தப்பா மகள் கல்யாணம், சூளகிரி மண்டபம்.
பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கிறவர்களிடம்
போனை வாங்கி வாங்கி
நாற்பத்து மூன்று வாக்கு தட்டிவிட்டானாம்.
மாப்பிள்ளையிடமும் ஒன்று.
"கோயம்புத்தூர்க்காரன் மட்டும்
காலேஜ் முழுக்கச் சொல்லி வைக்கலையா?"
வைத்திருப்பான்தான்.

நடுவர்களிடமே விட்டுவிடலாம் என்றார் முனிரத்தினம்.
நடுவர்கள் ஐந்தையும் வாசிப்பார்கள்.
வாசிப்பார்கள், சரி. ஆடுவார்களா?
குழம்புக் குறிப்பைப் படித்துவிட்டு
உப்பு கம்மி என்று சொல்கிற வேலை அது.

வெள்ளிக்கிழமை பி-ஷிஃப்ட் முடிந்து
கேள்வியே பட்டிராத அந்த ஒன்றை அச்செடுத்தேன்.
'பூட்டிய வீட்டுக்கு கரண்ட் பில்.'
பன்னிரண்டே பக்கம்.
ஹாஸ்டல் அறையில் பென்னாகரத்து லோகேஸ்வரி,
தூக்கம் கெட்ட இன்னும் இருவர்.
பகடை இல்லை;
கழித்துப்போட்ட அறுகோண நட்டில்
மார்க்கரால் எண் எழுதிக்கொண்டோம்.

எல்லோரும் விட்டுப்போன ஒரு வீடு.
மாதாமாதம் பில் மட்டும் வருகிறது.
விளக்கை அணைக்காமல் போனது யார்?
மூன்றரை மணிக்குத் தெரிந்தது,
நான்தான்.
அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் நட்டை உருட்டவில்லை.

சனிக்கிழமை அதற்கே வாக்களித்தேன்.
ஷப்ரீனிடம் நானே சொன்னேன்.
கோபப்படவில்லை, டீயை ஆற்றிக்கொண்டு கேட்டாள்:
"அதை எத்தனை தடவை ஆடினே?"
ஒரே ராத்திரி.
"என்னோடதுல ஓட்டை எங்கெங்கேன்னு உனக்கு அத்துப்படி.
அதுல ஓட்டை தேட
உனக்கு நேரமே கிடைக்கலையே நாகு."

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
"மீதி மூணு?" என்றாள்.

திங்கட்கிழமை டிரே வந்தது.
எட்டு எடுத்தேன். அளந்தேன். எட்டும் சரி.
பேனாவைத் திறந்தவள்
மூடி வைத்துவிட்டு
ஒன்பதாவதை எடுத்தேன்.
சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.