மூன்றாவது சுற்றில் ஒரு கடக்

அம்மாவைத் தூக்கும்போது லோகி சிரித்தான்.
சத்தமாக.
சலவன்பேட்டையே திரும்பிப் பார்த்தது.
நான் அறைந்தேன். யாரும் தடுக்கவில்லை.
தில்லிபாபு மாமா மட்டும்
"விடு, அதுக்கு இன்னா தெரியும்" என்றார்.

அது.
பதினொரு வயசுப் பையனை
அம்மா ஒருநாளும் அஃறிணையில் சொன்னதில்லை.
அன்றைக்கு நானும் திருத்தவில்லை.

பாலாற்று மணலில் எல்லாம் முடித்து வந்தவர்கள்
குளித்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள்.
மாவு வாங்குகிறவர்கள் விஷயம் தெரியாமல்
ஒரு வாரம் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள்.
கிரைண்டர் மேல் சித்தி ஒரு பழைய லுங்கியைப் போட்டு மூடினாள்.
ஆட்டோ டியூ இரண்டு மாசம் பாக்கி.
ஆம்பூர்க்காரர் ஒருவர் கல்லைத் தட்டிப் பார்த்து
நாலாயிரத்து ஐநூறை அப்பா கையில் வைத்து
தூக்கிக்கொண்டு போனார்.

அது நின்ற இடத்தில், சிமெண்ட் தரையில்
நாலு கால் தடம்.
அதில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டான் லோகி.
சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.
"ஒரு சொட்டு அழலியே" என்றார்கள் தெருவில்.
நானும் அதை மனசுக்குள் குறித்துவைத்தேன்,
கடன் நோட்டில் எழுதுகிற மாதிரி
தேதி போட்டு.

எனக்கு வேறொரு பயம்.
அம்மாவின் குரல் போய்க்கொண்டிருந்தது.
முகம் இருக்கிறது, ரேஷன் கார்டில், போனில்.
குரல் எதிலும் இல்லை.
போனை எடுத்ததும் "சொல்லுங்க" என்பாள், தெரியும்.
எப்படிச் சொல்வாள்?
கெமிஸ்ட்ரி பீரியடில் உட்கார்ந்து
அந்த ஒரு வார்த்தையைத் தேடுவேன்.
வருவது என் குரல்தான்.

அப்புறம் அக்னி நட்சத்திரம்.
பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறைகள்
ராத்திரியில் திருப்பித் தருகிற ஊர் இது.
பத்தரைக்குக் கரண்ட் போனது.
அப்பா காட்பாடி ஸ்டேஷனில் சவாரிக்கு நின்றிருந்தார்.
மொட்டை மாடியில் நானும் அவனும்
நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலும்.
தெரு அடங்கி, கொசு மட்டும் மிஞ்சியபோது
பக்கத்தில்
கிரைண்டர் ஓட ஆரம்பித்தது.

எழுந்து உட்கார்ந்தேன்.
கரண்ட் இல்லை. கிரைண்டரும் இல்லை.
லோகி மல்லாந்து படுத்து, கண்ணை மூடி
தொண்டையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தான்.
ஊறின உளுந்து முதலில் விழுகிற கரகர,
தண்ணீர் விட்டதும் இறங்குகிற சுதி,
ஒவ்வொரு மூன்றாவது சுற்றிலும்
கல் தடுக்கி ஒரு கடக்.
ஆள் கூப்பிட்டு அதைச் சரிசெய்ய
அம்மாவுக்குக் கடைசிவரை காசு சேரவில்லை.

கடக்.

கடக்.

அப்புறம் ஒரு செருமல்.

மாவைத் தள்ளிவிடக் குனியும்போது செருமுவாளே,
அதே நீளம்,
முடிவில் மூக்கில் ஏறுகிற அந்தச் சின்னக் காற்றோடு.
மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன்,
வெட்கமில்லாமல்.

இன்னும் ஒரு தடவை, லோகி.
கேட்கவில்லை நான். அவனாகவே செருமினான்.

ஊசி போட்டால் சிரிப்பான்.
சிஎம்சியில் லிப்ட் கீழே இறங்கினால்
அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.
"பயந்துட்டியாடா" என்று
அவளும் கூடவே சிரிப்பாள்.
பக்கத்தில் நின்றுதானே பார்த்தேன் இதையெல்லாம்.
மேளம் அதிர, அத்தனை பேர் கத்த,
பிடித்துக்கொள்ள முந்தானை இல்லாமல்
அவன் சிரித்தபோது
எங்கே போயிருந்தேன்?

அறைந்த கையை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
தொட்டால் அவனுக்குப் பிடிக்காது.
பாட்டிலை அவன் பக்கமாக
கொஞ்சம் நகர்த்திவைத்தேன்.
பாயில் என் தலையையும்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது.
தெரு முழுக்க ஓவென்று சத்தம்.
பக்கத்து வீட்டில் ஃபேன் சுற்றுகிறது, யாரோ டிவி போடுகிறார்கள்.
"கீழ போலாமா" என்றேன்.

அவன் நிறுத்தவில்லை.
மாவு இன்னும்
பதத்துக்கு வரவில்லை.