நாலு டிகிரி

ஒன்பதாம் அறைக்குப் போன தட்டு
போன மாதிரியே திரும்பி வந்த இரவு
இரண்டு கிலோ ரவையோடு வீட்டுக்கு வந்தேன்.

பன்னிரண்டு முட்டை. சோயா மா. கொஞ்சம் பால்மா.
காய வைத்து இடித்த ஈரல்.
கிளிக்கு விற்கும் தானியம், கொரகொரப்பாக அரைத்து:
உருண்டைக்குள் தண்ணீர் போய்வர வழி வேண்டும்.
எண்ணெய் கூடாது. இந்தக் குளிரில் அது
வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது.
கடைசியாக, பக்கத்துக் கரைக் கொலினுக்கு
இன்றுவரை நான் சொல்லாத ஒன்று:
நகக்கண் அளவு பெருங்காயம்.

தவமலர் வாசலில் நின்று மூக்கைப் பொத்தினாள்.
"அந்தப் பெரிய சட்டி வேண்டாம்.
பழசை எடுங்கோ. எடுத்தால் திருப்பி உள்ளே வைக்காதேங்கோ."

கொதிநீரில் ஒன்றரை நிமிடம்.
மிதந்து வந்ததை அள்ளி
பழைய துவாயில் பரப்பிவிட்டுப் படுத்தேன்.
மஞ்சளாய், கோலிக்குண்டு பருமனில், இருநூறு.
காலையில் எட்டுக் குறைந்தது.
"உப்புக் காணாது அத்தான்" என்றான்
சோபாவில் படுக்க வந்த குகதாஸ்,
தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே.

வெல்லிங்பரோவுக்கு வெளியே
சரளை அள்ளி முடித்து விட்டுப்போன பள்ளம்.
பள்ளம் நிறைய ஜனவரி.
கரையோர ஐஸை வாளியின் அடியால் உடைத்தேன்.
தூண்டில் வளையங்களில் நீர் உறைந்து
நூல் ஓட மறுத்தது.
ஒவ்வொரு வளையத்தையும் வாயருகே கொண்டுவந்து
ஊதி ஊதித் திறந்தேன்.

அடியில் நாலு டிகிரி.
அங்கே ஒரு கெண்டை
பத்துக் கிலோ உடம்பை
ஒரு யோசனையும் இல்லாமல் நிறுத்தி வைத்திருக்கும்.
செவுள் அசையும். அவ்வளவுதான்.
பசி இல்லை.
பசி இல்லையே என்ற வருத்தமும் இல்லை.

கோடையில் வாளி வாளியாக எறிவார்கள்.
இப்போது ஐந்து உருண்டை.
ஆறாவது, அவமரியாதை.

இது எனக்குத் தெரிந்த வேலை. இதற்குத்தான் சம்பளம்.
மிசிஸ் ப்ரவுட்லவ்
கரண்டிச் சத்தம் நடைபாதையில் கேட்கும்போதே
உதட்டைப் பூட்டிவிடுவார்.
நிறைந்த தட்டைக் கண்டால் பயம்.
சின்னத் தட்டு, நீலத் தட்டு,
நடுவில் ஒரு கரண்டி மசியல்;
இஞ்சி வாசம் முந்திக்கொண்டு போக வேண்டும்,
நான் பின்தங்க வேண்டும்.
(மனுசியை மீனோடு சேர்த்துச் சொன்னதற்கு
தவமலர் இரண்டு நாள் பேசவில்லை.)

முதல் இரவு, ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் ஒரு செம்மார்புக் குருவி
வாளி விளிம்பில் இருந்து
இரண்டு உருண்டையைக் கொத்திப் பார்த்தது.
மூன்றாம் இரவு, நாலு மணிக்கு, ஒரு பீப்.
ஒன்றே ஒன்று.
நூல் இழுபடவில்லை, தளர்ந்தது.
குளிரில் மீன் ஓடாது.
எங்கே என்று கேட்கிற மாதிரி நம் பக்கமே வரும்.

வலையில் ஏறியபோதும் சண்டையில்லை.
கண்ணாடிக் கெண்டை:
முதுகோரம் மட்டும் கோட்டுப் பொத்தான் அளவில் செதில்,
மற்றதெல்லாம் வெறுந்தோல்.
என் கை அதற்குச் சுடும்.
விரல்கள் வேறு யாருடையவோ ஆகும்வரை
தண்ணீரில் வைத்திருந்துவிட்டுத் தொட்டேன்.
கொக்கி கழன்ற இடத்தில் ஒரு துளி மருந்து.
போன் செத்திருந்தது.
தராசைத் தேடவில்லை.
அது வாயைத் திறந்தது, மூடியது.
அந்த இருட்டில், யாரோ ரசம் தாளித்தது போல்
பெருங்காயம் மணந்தது. சிரித்துவிட்டேன்.

விட்டதும் போகவில்லை.
இரண்டு கைகளுக்கு நடுவில் கொஞ்சம் நின்றது.
அன்பென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிர்.
பிறகு அங்கே தண்ணீர் மட்டும்.

"விட்டிட்டியளோ?" என்றான் குகதாஸ். "மூன்று நாள் இருந்துபோட்டோ?"

திங்கட்கிழமை. நீலத் தட்டு.
பூசணி மசியல், ஒரு கரண்டி.
இஞ்சி. கொஞ்சம் யோசித்து,
நகக்கண்ணிலும் கால்வாசி, மற்றதும்.
கதவை முழுக்கச் சாத்தாமல் வெளியே நின்றேன்.
கரண்டி ஒருமுறை தட்டில் பட்டது.

சாப்பிட்டாரா, தள்ளினாரா.
உள்ளே போகவில்லை.