பதினைந்து இலக்கம்

லோபியோ என்றால் எங்கள் ஊரில் பீன்ஸ் குழம்பு.
அந்தச் செம்பழுப்பு நிறத்துக்காக வைத்த பெயர்.
திபிலீசியில் ஒரு ரொட்டிச்சூளை வாசலில்
அவனாக வந்து என் பூட்ஸின் மேல் படுத்தான்.
காதில் மஞ்சள் வில்லை, நகராட்சி மாட்டியது:
ஊசி போட்டாயிற்று, சாது,
பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

தெருவில் அது போதும்.
விமானத்துக்குப் போதாது.

ஜும்பர் மார்ச்சிலேயே லிஸ்பன் போய்விட்டான்.
இரண்டு வாரத்தில் நாங்களும் வருகிறோம் என்று
வழியனுப்பினேன்.

தோலுக்கடியில் அரிசி அளவு சிப்,
பதினைந்து இலக்கம்.
டாக்டர் எதேரி தேதிகளைப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றினார்:
சிப்புக்கு இரண்டு நாள் முன்னால் போட்ட ஊசி
செல்லாது.
மருந்து அவன் உடம்பில் ஓடுகிறது டாக்டர்.
ஓடட்டும் நெஸ்தான்,
யாருடைய உடம்பில் என்று
காகிதத்துக்குத் தெரியாதே.

மறுபடி ஊசி. முப்பது நாள்.
பிறகு ரத்தம்.
அது மட்டும் ஐஸ் பெட்டியில் ஏறி
எங்களுக்கு முன்னால் ஐரோப்பா போனது.
ரத்தம் சரி என்று பதில் வந்தது.
சரியான ரத்தம் சரியாகவே இருக்கிறதா என்று
இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

அதற்குள் வெயில் வந்துவிட்டது.
வெயில் காலத்தில் நாய் ஏற்றுவதில்லை என்றது
முதல் விமானக் கம்பெனி.
ஏற்றுவோம், ஆனால் கூண்டு எங்கள் கதவைவிட
நான்கு விரற்கடை உயரம் என்றது
இரண்டாவது.
உயரத்தைக் குறைத்தால் காது இடிக்கும்.
காது இடிக்காமல் நிற்க வேண்டும் என்பதும்
அவர்கள் விதிதான்.

கூண்டைச் சமையலறையில் வைத்தேன்.
அவன் அதைச் சுற்றி வந்தான், குரைத்தான்,
ஒரு முறை அதன்மேல் காலைத் தூக்கினான்.
கோழித்துண்டு போட்டேன்,
கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டான்.
கடைசியில் ஒரு நாள் ராத்திரி
நானே உள்ளே போய் முழங்காலை மடக்கிப் படுத்தேன்.
ஜும்பர் வீடியோவில் கூப்பிட்டான்.
எங்கே இருக்கிறாய், இருட்டாக இருக்கிறதே?
சொல்லவில்லை.
என் முதுகில் ஈர மூக்கு.
பிறகு மொத்த நாயும்.

அக்டோபர்.
பிளாஸ்டிக் கொக்கியை எடுத்துவிட்டு இரும்புத் திருகு.
தண்ணீர்க் கிண்ணத்தை உறையவைத்துக் கொண்டுபோனேன்,
தூக்கிப்போட்டால் சிந்தாது.
தூக்க மாத்திரை கூடாது.
என் அழுக்கு ஸ்வெட்டர் வைக்கலாம்.
எடை முப்பத்தொன்றரை, வரம்பு முப்பத்திரண்டு.
கவுன்ட்டர் பெண் எடையைப் பார்த்தாள்,
அவனைப் பார்த்தாள்,
உயிருள்ள பிராணி என்று பச்சைத் தாளை ஒட்டினாள்.
என்மேல் எதுவும் ஒட்டவில்லை.

இஸ்தான்புல்லில் வேறு விமானம்.
ஜன்னலோரம் உட்கார்ந்து
சாமான் வண்டிகளை எண்ணினேன்.
சிவப்பு சூட்கேஸ், சைக்கிள், சுருட்டிய கம்பளம்.
கதவு மூடும்வரை அவன் வரவில்லை.
நாய் ஏறிவிட்டதா என்று நான்கு முறை கேட்டேன்.
நான்காவது தடவை அந்தப் பணியாளர்
பதில் சொல்லாமல் தேநீர் கொடுத்தார்.

லிஸ்பனில் ஒரு பக்கக் கதவு,
வெள்ளை விளக்கு.
கறுப்பு முட்டியை இன்னும் காணோமே என்று
நினைத்துக்கொண்டிருக்கும்போதே
தள்ளுவண்டியில் கூண்டு வந்தது, உள்ளே அது.
கால்நடை மருத்துவர் கழுத்தில் கருவியை ஓட்டினார்.
சத்தம் இல்லை.
மறுபடி. இல்லை.
ஏழு மாதம், மூன்று ஊசி, ஒரு வெயில் காலம்,
அந்த அரிசி காணாமல் போய்விட்டால்
இவன் யார்?
தோள், விலா, முன்னங்கால்.
முட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பீப்.
நகர்ந்திருக்கிறது, நகரும், என்றார்.
இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.
நானும் கூடவே, மனப்பாடமாக.

சரி. இது என்ன, காதில் மஞ்சளாக?
எங்கள் நகராட்சி போட்டது என்றேன்.
இவனை விட்டுவிடலாம் என்று அர்த்தம்.
சிரித்தபடி முத்திரை குத்தினார்.
அடுத்த வரிசையில்தான் என்னைக் கேட்பார்கள்,
எதற்காக வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று.
காதைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே ஜும்பர் மண்டியிட்டிருந்தான்.
லோபியோ இறங்கவில்லை.
ஸ்வெட்டரை வாயில் கவ்விக்கொண்டு
கூண்டின் மூலைக்குப் போய்விட்டான்.
ஜும்பர் கூப்பிட்டான், விசிலடித்தான்,
பிறகு சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல்
தலையை உள்ளே நுழைத்தான்.
வாலின் சத்தம் கேட்டது,
பிளாஸ்டிக்கில், தட் தட் என்று.