இரண்டாம் தொட்டி

எங்கள் சவ வண்டிக்கு இரண்டு வயிறு.
முன்னதில் பங்க்கில் வாங்கிய டீசல்.
பின்னதில்
மீனும் உருளைக்கிழங்கும் வெந்து கழிந்த எண்ணெய்.

வேல்ஸின் குளிருக்கு
டீசல் குடித்துத்தான் எழும்பும்.
இரண்டு மைல் ஓடி உடம்பு சூடானதும்
ஸ்டீயரிங்குக்குக் கீழே சிவப்புப் பொத்தானை
நான் அழுத்த வேண்டும்.
நிறுத்துவதற்கு முன்னால் ஞாபகமாய்
மறுபடி டீசலுக்கு வந்துவிட வேண்டும்.
இல்லையென்றால் குழாய்க்குள் இறுகிப்போகும்,
பிரிட்ஜில் வைத்த கறிக்குழம்பின்மேல்
படிந்த கொழுப்பைப்போல.

முதலாளி கெத்தின் புரோசருக்கு இது சிக்கனம்.
எனக்கு, சனிக்கிழமை இரவுகள் போயின.
பழைய நைலான் காலுறையில் வடிகட்டுவேன்.
கருகிய மாவு, மீன் முள்,
ஒருமுறை யாருடையதோ ஒற்றைத் தோடு.

வண்டியின் பின்னே நடந்து வருபவர்களுக்குப்
பசிக்கும்.
யாரும் சொல்லமாட்டார்கள்.
இழவுக்கு வந்த இடத்தில்
இப்படி நாவூறலாமா என்று
கைக்குட்டைக்குள் மூக்கைப் புதைத்துத்
தலைகுனிந்து நடப்பார்கள்.
பார்ப்பவர்களுக்கு அதுவும் துக்கம்தான்.

பிப்ரவரியில் ரேமோ சனெல்லி செத்தார்.
முப்பத்தொரு வருடம் சதுக்கத்தின் மேற்கு மூலையில்
மீன் பொரித்தவர்.
பின்வயிற்றுக்குப் பெரும்பாலும் படியளந்தவர் அவர்தான்.
காசு வாங்கியதில்லை:
"ஒருநாள் என்னைச் சும்மா ஏற்றிப்போ, போதும்."

தன் எண்ணெயிலேயே போகிறார் மனுஷன் என்று
பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்.
நான் மறுக்கவில்லை.
ஆனால் கடை மூடி ஏழு வாரம்.
அவருடைய கடைசி கேன்
கிறிஸ்துமஸுக்கு மறுவாரமே தீர்ந்துவிட்டது,
ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரோடு.
இப்போது தொட்டியில் இருந்தது
கிழக்கு மூலை மிஸஸ் லாவின் எண்ணெய்.
இஞ்சி, பூண்டு, வாத்து.
இருபது வருடமாய் எதிரெதிரே விளக்கெரித்தும்
ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லாத கடைகள்.

பாலம் தாண்டியதும் பொத்தானை அழுத்தினேன்.
பின்னால் வரும் காரில் ஏறமாட்டேன் என்று
அடம்பிடித்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்
டெலித், அவர் மனைவி.
மேட்டில் வண்டி முக்கி ஏறியது.
அவள் கண்ணாடியை ஒரு விரல் இறக்கினாள்.
"இது எங்கள் எண்ணெய் இல்லை."
நான் சாலையைப் பார்த்தேன்.
"லாவோடதுதானே?"
ம்.

"திங்கட்கிழமை எங்கள் கடைக்கு லீவு.
நூலகம் போகிறேன் என்று கிளம்புவார்.
திரும்பி வந்தால்
கோட்டில் இந்த வாசனை."
கொஞ்ச தூரம் போனதும்,
"வாத்துதானே சாப்பிட்டிருப்பார்?"

அதன்பிறகு சிரித்தாளா, வேறேதாவதா,
வைப்பர் சத்தத்தில் தெரியவில்லை.
கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினேன்.
பொத்தானை மறந்தேன்.

மண்ணள்ளிப் போட்டுத் திரும்பி வந்து
சாவியைத் திருகினால்
ஒரு கனைப்பு. அவ்வளவுதான்.
மூன்று மணிக்கு இன்னொரு அடக்கம்,
வாசலை அடைத்துக்கொண்டு நிற்க முடியாது.
கறுப்புக் கோட்டுகள் கூடித் தள்ளின.
பெட்டி இறங்கியும் இத்தனை கனமா என்றார் யாரோ.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
வண்டியின் இடது மூலையில் தோள் கொடுத்து டெலித்.
அவளுக்கு அடுத்து, கையுறையைக் கழற்றிப்
பல்லில் கடித்துக்கொண்டு
மிஸஸ் லா.
டெலித் ஏதோ கேட்டாள்.
மிஸஸ் லா கையுறையை வாயிலிருந்து எடுக்கவும்
சரிவு வந்தது.
வண்டி தானாக உருளத் தொடங்கியது.
நான் பிரேக்கைப் பார்க்க வேண்டியதாயிற்று.