ஆறாவது கால்

தேபா ஆற்றை ஒட்டிய பட்டறையில்
நான்கு டன் லேத் ஒன்று
ஆறு ரப்பர் கால்களில் நின்றிருந்தது.
நிற்கிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம்.

எல்கொய்பாரில் நவம்பர் மழை பெய்வதில்லை,
தொங்கிக்கொண்டிருக்கும்.
அப்படியொரு மாலை கூட்டுறவின் பதினொரு பேரும் கூடினோம்.
கால் மாற்றும் செலவுக்கு ஏழு கைகள் எழுந்தன.
எழாத நான்கில் ஒன்று என்னுடையது.

சனிக்கிழமை மின்சாரத்தை நிறுத்தினோம்.
அர்கைட்ஸ் ஜாக்கின் நாக்கை
எந்திரத்தின் அடியில் செருகினான்.
"யார் விரலும் உள்ளே போகக்கூடாது"
மரக்கட்டைகளைக் காலால் தள்ளியபடி சொன்னாள் சுரிஞே.
பிடியை அழுத்த அழுத்த
எந்திரம் முதலில் அசையவில்லை,
யோசித்தது.
பிறகு ஒரு தீக்குச்சி கனம் உயர்ந்தது.

முதல் கால், எண்ணெய் குடித்துக் குடித்துக்
களியாகியிருந்தது.
இரண்டாவது, கல்.
மூன்றிலும் நான்கிலும் நகம் நுழையும் விரிசல்.
ஐந்தாவதின் அடியில் யாரோ எப்போதோ
மத்தி மீன் டப்பாவின் மூடியை வெட்டி
முட்டுக்கொடுத்திருந்தார்கள்.
மீனின் பாதிக் கண் இன்னும் அழியவில்லை.

ஆறாவதற்கு ஜாக் தேவைப்படவில்லை.
இமனோல் குனிந்து விரலால் தொட்டான்.
சுழன்றது,
ஒரு பாரமும் அறியாத பம்பரம்.

யாரும் பேசவில்லை.
அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
அழுக்கு போன பிறகும்.

இரண்டு வருடமாய் அவன் கடைந்த தண்டுகள்
ஒரு முனையில்
மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு பருத்தே வந்தன.
சோதனைத் தாளில் 'கவனக் குறைவு' என்று
எழுதியவள் நான்.
மூன்று முறை.
மூன்றாம் முறை அடிக்கோடும் போட்டேன்.
"தரையைப் பாருங்கள்" என்றான் அப்போதே.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்றேன்.
சாப்பாட்டு மேசை முழுக்கச் சிரித்தது.

கூடம் கோணல்தான்.

புதுக் கால்கள் கறுப்பாய், டயர் வாசனையோடு
ஒவ்வொன்றாய் உள்ளே போயின.
தண்டவாளத்தின் குறுக்கே லெவலை வைத்தான்,
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல.
தலைப்பக்கம் குமிழி நடுவில்.
வால்பக்கம் இரண்டு கோடு தள்ளி.
நட்டில் கால் சுற்று.
காத்திருப்பு.
இந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது
கொஞ்சம் காற்று, வேறொன்றுமில்லை.
நான்கு டன் இரும்பு அதற்குக் கட்டுப்படுகிறது.
என் அடிக்கோட்டுக்கு ஒரு மனிதன் கட்டுப்பட்டான்.

"மன்னித்துவிடு" என்று சொல்ல வாயெடுத்தேன்.
"அந்த பதினேழாம் நம்பர் ஸ்பானரைக் கொடு" என்றான்.
கொடுத்தேன்.
பூட்டு நட்டை இறுக்கியதும்
குமிழி மறுபடி நகர்ந்துவிட்டது.
பாஸ்க் மொழியில் வசவுகள் குறைவு,
அவன் ஸ்பானிஷுக்கு மாறினான்.
முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஞாயிறு முழுக்க ரப்பர் அமரட்டும் என்று விட்டோம்.
திங்கள் காலை மறுபடி குமிழி, மறுபடி கால் சுற்று,
பிறகு சோதனைத் தண்டு ஒன்றைக் கடைந்தான்.
மைக்ரோமீட்டரை என்னிடம் நீட்டினான்.
இந்த முனை. அந்த முனை.
வித்தியாசத்தைத் தேடி
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன்.

மதியம் பழைய மூன்று தாள்களையும் எடுத்து
பேனாவைத் திறந்தேன், அடித்துவிட.
"அடிக்காதே" என்றான் தோளுக்குப் பின்னாலிருந்து.
"தேதி வேண்டும்.
கால் எப்போது விட்டுப்போனதென்று
அதில்தான் தெரியும்."

தாளை வாங்கி மடிக்காமல்
லேத்தின் கதவுக்குள் காந்தம் வைத்து ஒட்டினான்.
அடிக்கோடு வெளியே தெரிகிறது.
எண்ணெய் ஊற்றக் கதவைத் திறக்கும் யாருக்கும்
தெரியும்.

மத்தி மூடி என் மேசையில் இருக்கிறது.
பாதிக் கண்ணோடு.